பிரேக் பிடித்ததற்குத் தண்டம்

"ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவனுக்கு என்ன பயம்?" புதிய கார்கள் தம்மை ஓட்டுபவர்களைப் பற்றிய விவரங்களைக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன என்று பேச்செடுத்தால் போதும், இந்தக் கேள்வி வந்து முன்னால் நிற்கும். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். சிக்னலில் நிற்பவர்கள், பெல்ட் போடுபவர்கள், குடித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் தொடாதவர்கள். தாறுமாறாக ஓட்டுபவன் மாட்டுவான், நமக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் குறையும் என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவைப் பார்த்தால் போதும்.

2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் கஷ்மீர் ஹில் வெளியிட்ட கட்டுரை ஒரு ஷெவர்லே போல்ட் ஓட்டுநரின் கதையோடு தொடங்கியது. சியாட்டில் பக்கத்துக்காரர், நிதானமாக ஓட்டுபவர், தன் தவறால் ஒரு விபத்துகூட நேராதவர். அப்படிப்பட்டவருக்கு 2022இல் பிரீமியம் 21 சதவீதம் ஏறியது. வேறு கம்பெனிகளில் விசாரித்தாலும் விலை இறங்கவில்லை. லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் வியாபார நிறுவனம் வைத்திருக்கும் அறிக்கையும் இதற்கு ஒரு காரணம் என்று ஏஜென்ட் ஒருவர் சொன்னார். அறிக்கையைக் கேட்டு வாங்கினால் 258 பக்கம்! ஆறு மாதங்களில் அவரும் மனைவியும் வண்டி எடுத்த 640 தடவையும் அதில் வரிசையாக இருந்தன: கிளம்பிய நேரம், நின்ற நேரம், ஓடிய தூரம், எத்தனை முறை வேகம் மீறியது, எத்தனை சடன் பிரேக். எங்கே போனார்கள் என்பது மட்டும் இல்லை. கொடுத்தது யாரென்றால், காரைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ். அதன் ஆன்ஸ்டார் சேவைக்குள் இருந்த 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற வசதி வழியாக எல்லாம் போயிருக்கிறது.

சடன் பிரேக்கைச் சற்றுக் கவனியுங்கள். காருக்குத் தெரிவது எண் ஒன்றுதான்: இத்தனை நொடிக்குள் வேகம் இவ்வளவு குறைந்தது. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வந்ததா, முன்னால் போன லாரி திடீரென்று நின்றதா, அல்லது ஓட்டுபவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பது அந்த எண்ணில் இல்லை. மூன்றுக்கும் ஒரே புள்ளி. குழந்தையைக் காப்பாற்றியவருக்கும் கவனக்குறைவானவருக்கும் ஒரே கோட்டில் பெயர் எழுதும் ஏற்பாட்டை 'நல்ல ஓட்டுநருக்கு நன்மை' என்று எப்படி அழைப்பது? இரவு நேர ஓட்டமும் இந்த விவரங்களில் உண்டு. நைட் டியூட்டி முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் நர்ஸ் என்ன குற்றம் செய்தார்? போதாததற்கு, வண்டியை மனைவி ஓட்டினாரா, மகன் ஓட்டினானா என்றும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

சம்மதம் கேட்டுத்தானே எடுத்தார்கள் என்பார்கள். ஷோரூமில் விற்பனையாளரே பதிவு செய்துவிட்டதும், அப்படிச் சேர்த்துவிட்டால் அவருக்கு ஊக்கத்தொகை கிடைத்ததும் பிறகு வெளியே வந்தன. ஓட்டும் பழக்கத்தை நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட வசதி அது. இன்சூரன்ஸ்காரர் கைக்கு அது போகும் என்று அறிந்து 'சரி' சொன்னவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் இந்தப் பதிவு முறையையே ஏமாற்று என்று குற்றம் சாட்டியது. கார் இருக்கும் இடத்தை மூன்று நொடிக்கு ஒரு தடவைகூடச் சேகரித்திருக்கிறார்கள் என்பது அதன் புகார். இடமும் ஓட்டும் விதமும் பற்றிய தகவல்களை இத்தகைய அறிக்கை நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது.

இதில் என்னைக் கோபப்படுத்துவது விலைதான். அமெரிக்க செனட்டர்கள் ரான் வைடன், எட் மார்க்கி இருவரும் 2024 ஜூலையில் எழுதிய கடிதத்தில் கணக்கு இருக்கிறது. ஹோண்டா 97,000 கார்களின் விவரத்தை வெரிஸ்க் என்ற இன்னொரு தகவல் வியாபார நிறுவனத்துக்குக் கொடுத்துப் பெற்றது 25,920 டாலர். ஒரு காருக்கு 26 சென்ட். ஹூண்டாய் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசியிருக்கிறது: 17 லட்சம் கார்கள், ஒரு காருக்கு 61 சென்ட். இருபதாயிரம், முப்பதாயிரம் டாலர் கொடுத்து வண்டி வாங்கியவரை ஒரு தேநீர்க் காசுகூடத் தேறாத தொகைக்கு விற்றிருக்கிறார்கள். விற்றவருக்குச் சில்லறை, வாங்கிய கார்க்காரருக்கு ஆண்டுதோறும் கூடுதல் பிரீமியம்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால் அது இன்னும் வேடிக்கை. விபத்துக்கு முந்தைய சில நொடிகளைப் பதிவு செய்யும் கறுப்புப் பெட்டி ஒன்று கார்களில் இருக்கிறது. அதில் உள்ளது காரின் சொந்தக்காரருக்கு அல்லது லீஸ் எடுத்தவருக்கே உரியது என்று அமெரிக்கா 2015லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆக, அந்தச் சில நொடிகளுக்குக் காவல் உண்டு. ஆண்டு முழுவதும் சிம் கார்டு வழியாகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருப்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஒழுங்காக ஓட்டுவது இன்னொரு ஆபத்திலிருந்தும் காப்பாற்றாது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் பத்திரிகை ஒன்றை அம்பலப்படுத்தியது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் பிரிவான காரியாட், சுமார் எட்டு லட்சம் மின்கார்களின் தகவலை அமேசான் கிளவுடில் சரியாகப் பூட்டாமல் வைத்திருந்தது. அவற்றில் ஏறக்குறைய 4,60,000 கார்கள் நின்ற இடம்கூடத் துல்லியமாக இருந்தது. ஹாம்பர்க் போலீசாரின் ரோந்து வண்டிகளும் அதில் அடக்கம். யாருடைய கார் எந்த மருத்துவமனை வாசலில், யார் வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு நின்றது என்று பார்க்க முடிகிற பட்டியலில், வேகம் மீறாதவர் மட்டும் விடுபட்டிருப்பாரா?

"செல்போனுக்கு எல்லாம் தெரியுமே, கார் மட்டும் என்ன?" என்பது அடுத்த கேள்வி. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஆப்பை நீக்கலாம். காருக்குள் தைத்து வைத்த மோடத்தை எப்படி நீக்குவது? மொசில்லா அறக்கட்டளை 2023இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்றது. அது அதுவரை பரிசோதித்த பொருள் வகைகளிலேயே கார்தான் மோசம். நிசான் தன் கொள்கையில் வாடிக்கையாளரின் பாலுறவு பற்றிய விவரத்தையும் தான் சேகரிக்கக்கூடியவற்றில் ஒன்றாக எழுதி வைத்திருந்தது. கார் கம்பெனிக்கு அது எதற்கு என்று நிசானைத்தான் கேட்க வேண்டும்.

இது அங்கே நடக்கிற கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஶ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ 2019லேயே சிம்மோடு வந்தது. 'கனெக்டட் கார்' என்பது அதன்பின் இங்கே விளம்பரத்தின் முதல் வரியாகிவிட்டது. எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து பிரீமியம் வைக்கும் கூடுதல் திட்டங்களுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. விரும்பினால் மட்டும் சேரலாம் என்பது இப்போதைய நிலை. அமெரிக்காவிலும் அப்படித்தான் சொன்னார்கள். 2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் டெலிவரி நாளில், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற அவசரத்தில், நம் போனை வாங்கி ஆப்பை இறக்கி வரிசையாக 'ஒப்புக்கொள்கிறேன்' தட்டுகிறவர் ஷோரூம் ஊழியர். அந்தத் தட்டலைச் சம்மதம் என்று சட்டம் ஏற்கக் கூடாது. சிம் ஓய்ந்த நிலையில்தான் கார் கைக்கு வர வேண்டும். வேண்டுமென்பவர் பிறகு தானே இயக்கிக்கொள்ளட்டும். பிரீமியத்தை ஏற்றுகிற இன்சூரன்ஸ் கம்பெனி, எந்த அறிக்கையைப் பார்த்து ஏற்றியது என்று கேட்காமலே நோட்டீஸோடு இணைத்துத் தர வேண்டும்.