வாடகைக்கு விடப்பட்ட சுதந்திரம்

சென்ற மாதம் நம் சங்கத்து வாசகசாலையில் ஒரு விவாதம் எழுந்தது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஜிபூட்டி என்னும் சின்னஞ்சிறு நாட்டைப் பற்றிய பேச்சு அது. "கெட்டிக்கார அரசாங்கம்! அமெரிக்காக்காரனிடமும் வாடகை வாங்குகிறது, சீனாக்காரனிடமும் வாடகை வாங்குகிறது. இருக்கிற நிலத்தை விடுகிறார்கள், காசு வருகிறது. இதிலே என்ன தப்பு?" என்று கேட்டார் ஓர் இளைஞர். அன்று நேரமாகிவிட்டது. காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் விடுவது முறையல்ல.

"எங்கேயோ கிடக்கும் ஜிபூட்டியைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அந்த ஊரோடு ஒரு கடன் உண்டு. 2015 ஏப்ரலில் யேமன் நாட்டில் போர் மூண்டு குண்டுகள் விழுந்தபோது, அங்கே வேலைக்குப் போயிருந்த இந்தியத் தொழிலாளர்களையும் செவிலியர்களையும் ஏடன் துறைமுகத்திலிருந்து நம் கடற்படைக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய இடம் ஜிபூட்டி. அங்கிருந்துதான் விமானங்கள் மும்பைக்கும் கொச்சிக்கும் வந்தன. யேமனிலிருந்து அப்போது மீட்கப்பட்ட இந்தியர்கள் நாலாயிரத்துக்கும் மேல். பிழைக்கப் போன இடத்தில் உயிருக்கு ஆபத்து வந்தால் எந்தக் கரை ஒதுங்க இடம் கொடுக்கும் என்பது புலம்பெயர்ந்து வாழும் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம். இடம் கொடுத்த கரையில் வாழும் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பதும் நம் கடமைதான்.

ஜிபூட்டியின் பரப்பு சுமார் 23,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சுமார் 10 லட்சம். மும்பையின் ஒரு மூலையில் அடங்கிவிடும் ஜனத்தொகை! விளைநிலம் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. உணவுப் பொருள்களில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். வெயிலும் பாறையும் உப்பு ஏரியும்தான் இயற்கை அந்த மக்களுக்குக் கொடுத்த சொத்து. ஆனால் அந்த நாடு உட்கார்ந்திருக்கும் இடம் சாதாரண இடமல்ல. செங்கடலும் ஏடன் வளைகுடாவும் சேரும் பாபெல் மண்டெப் நீரிணையின் ஓரத்தில் அது இருக்கிறது. குறுகிய இடத்தில் சுமார் 30 கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த வாசல் வழியாகத்தான் சூயஸ் கால்வாய்க்குப் போகும் கப்பல்கள் எல்லாம் போக வேண்டும். கடைத்தெரு முனையில் இருக்கும் மனைக்கு எத்தனை கண் விழும் என்பது நமக்குத் தெரியாதா?

முதலில் கண் வைத்தவன் பிரெஞ்சுக்காரன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து உட்கார்ந்தான். எத்தியோப்பியாவின் சரக்கை இறக்க ஜிபூட்டியிலிருந்து ஆடிஸ் அபாபா வரை ரயில் பாதை போட்டான். 1917-இல் அது முடிந்தது. 1966-இல் பிரெஞ்சு அதிபர் தெகோல் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கி சுதந்திரம் கேட்டார்கள். கிடைத்த பதில் என்ன? நகரத்தைச் சுற்றி முள்வேலி! வேலை தேடி வருகிறவன் உள்ளே வரக் கூடாதாம். அந்த வேலிக்கு வெளியே வளர்ந்த குடிசைப் பகுதிதான் பல்பலா. நகரத்துக்கு உழைக்க ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் நகரத்தில் படுக்கக் கூடாது. இந்த நியாயம் எந்த ஊரிலும் ஒன்றுதான் என்பதற்கு நம்மைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1977 ஜூன் 27-ஆம் நாள் ஜிபூட்டி சுதந்திரம் அடைந்தது. கொடி மாறியது. ஆனால் பிரெஞ்சுப் படை வெளியேறவில்லை. புதிய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கேயே தங்கியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா வந்தது. பிரெஞ்சுப் படையின் பழைய லெமோனியே முகாமே அமெரிக்கத் தளமாயிற்று. இன்று ஏறத்தாழ நாலாயிரம் பேர் அங்கே இருக்கிறார்கள். 2011-இல் ஜப்பான் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் வெளிநாட்டில் அமைத்த முதல் தளம் அது. 2013-இல் இத்தாலி. 2017-இல் சீனா. சீனாவுக்கும் வெளிநாட்டில் அதுவே முதல் தளம். ஒன்றையொன்று எதிரியாகப் பார்க்கும் இரண்டு வல்லரசுகள் ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில், துப்பாக்கியோடு குடியிருக்கின்றன. சீனத் தளத்திலிருந்து வந்த லேசர் ஒளி தங்கள் விமானிகளின் கண்ணைத் தாக்கியது என்று 2018-இல் அமெரிக்கா புகார் செய்தது. சீனா மறுத்தது. குடியிருப்பவர்கள் சண்டை போட்டால் எரிவது யார் வீடு?

இப்போது வாடகைக் கணக்குக்கு வருவோம். 2014 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 6 கோடியே 30 லட்சம் டாலர் தருகிறது. சீனா தருவது சுமார் 2 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. பிரான்ஸ் 2003 முதல் 3 கோடி யூரோ தந்து வந்தது. 2024-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது அந்தத் தொகை உயர்ந்தது. பழைய கணக்கிலேயே மொத்தம் 11 கோடி டாலருக்கு மேல் வருகிறது. இதைப் பத்து லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 110 டாலர். மாதத்துக்குப் பத்து டாலர்கூட இல்லை. கடலின் வாசலையே எழுதிக் கொடுத்த மக்களுக்கு இதுதான் விலை. அதுவும் பங்கிட்டால்தானே! பல்பலாவின் குடிசையில் இருப்பவளுக்கு அந்தப் பத்து டாலர் வந்து சேருவதில்லை. ஆனால் பத்து லட்சம் பேருக்குச் சிறியதாக இருக்கும் தொகை, ஓர் அரண்மனைக்கும் அதைச் சுற்றி நிற்கும் ஒரு கூட்டத்துக்கும் மிகப் பெரியது. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் கூட்டம் யார்? விடுதலையிலிருந்து இன்றுவரை அந்த நாட்டை ஆண்டவர்கள் இரண்டே பேர். 1977 முதல் 1999 வரை ஹசன் கூலத். அதற்குப் பிறகு அவருடைய உறவினர் இஸ்மாயில் ஓமர் கெல்லே. 1981-இல் ஒரே கட்சி ஆட்சி என்று சட்டம் போட்டார்கள். அஃபார் மக்கள் ஆயுதம் எடுத்து உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகுதான், 1992-இல், நான்கு கட்சிகள் இருக்கலாம் என்று இறங்கி வந்தார்கள். 2003 நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சிகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு கிடைத்தது. இடம் எத்தனை? ஒன்றுகூட இல்லை! 65 இடங்களும் ஆளும் கூட்டணிக்கே போயின. 2005 அதிபர் தேர்தலில் கெல்லே தனியாக நின்று தனியாக வென்றார். இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்ற விதி 2010-இல் நீக்கப்பட்டது. 75 வயதைத் தாண்டியவர் போட்டியிடக் கூடாது என்ற விதி மிச்சம் இருந்தது. அவர் அந்த வயதைத் தாண்டிய பிறகு, 2025-இல், அதுவும் நீக்கப்பட்டது. சட்டைக்கேற்ப உடம்பை வளைப்பார்களா? உடம்புக்கேற்பச் சட்டையை வெட்டுகிறார்கள்!

இந்த அக்கிரமங்களை வாடகை தரும் ஜனநாயக நாடுகள் ஏன் கண்டிப்பதில்லை? கண்டித்தால் குத்தகை போய்விடும். சீனாவுக்கோ அந்தக் கவலையே இல்லை. 2015 டிசம்பரில் பல்பலாவின் புல்துக்கோவில் கூடியிருந்த மக்கள் மீது அரசுப் படைகள் சுட்டன. அரசு 7 பேர் இறந்ததாகச் சொன்னது. எதிர்க்கட்சியினரும் மனித உரிமையாளர்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் என்றார்கள். உலகத்தின் மிக நவீனமான ராணுவங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அவர்கள் கடல் வாசலைக் காக்க வந்தவர்கள். பல்பலாவைக் காப்பது குத்தகையில் எழுதப்படவில்லை.

தொழிற்சங்கங்களின் கதையையும் கேளுங்கள். 1995-இல் சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் அரசு தொழிலாளியின் சட்டைப் பைக்குள் கை விட்டது. இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் சேர்ந்து பொது வேலைநிறுத்தம் செய்தன. தலைவர்கள் வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது. உழைப்பவனின் வரியிலும் வியர்வையிலும் வாழும் அரசாங்கம், அவன் வேலையை நிறுத்தினால் கொஞ்சமாவது அஞ்சும். வெளிநாட்டான் தரும் வாடகையில் வாழும் அரசாங்கம் எதற்கு அஞ்ச வேண்டும்? அதனுடைய எஜமானர்கள் வேறு. இளைஞரின் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்.

"தளங்கள் மட்டுமா? துறைமுகம் இருக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. எரித்திரியா பிரிந்துபோன பின் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. 1998-இல் இரு நாடுகளும் போரிட்ட பிறகு எத்தியோப்பியாவின் சரக்கில் பத்தில் ஒன்பது பங்கு ஜிபூட்டி வழியாகவே போகிறது. ஆனால் இங்கும் வாடகைப் புத்திதான். கொள்கலன் முனையம் 2006-இல் துபாய் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. 2018-இல் பறிக்கப்பட்டது. வழக்கு லண்டன் நடுவர் மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. துறைமுக நிறுவனத்தில் ஒரு பங்கு 2013-இல் சீன நிறுவனத்துக்குப் போனது. சீனக் கடனில் ஆடிஸ் அபாபாவுக்குப் புதிய மின்சார ரயில் பாதை வந்தது. பழைய பாதை பிரெஞ்சுக்காரனுக்காக, புதிய பாதை கடன்காரனுக்காக! 2022-இல் சீனா உள்ளிட்ட முக்கியக் கடன்காரர்களுக்குத் தவணை கட்ட முடியாமல் அரசு நிறுத்தி வைத்தது. ஒரு கையால் வாடகை வாங்கி மறு கையால் வட்டி கட்டும் வீட்டுக்காரனை எந்தப் பொருளாதார நூல் கெட்டிக்காரன் என்று சொல்கிறது?

இன்னொரு காட்சியும் உண்டு. அதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது. எத்தியோப்பியாவின் ஏழை இளைஞர்கள் சவுதி அரேபியாவில் கூலி வேலை கிடைக்கும் என்று நம்பி, பாலைவனத்தில் நடந்து, ஜிபூட்டியின் ஓபோக் கடற்கரைக்கு வருகிறார்கள். அங்கிருந்து தரகர்களின் படகில் யேமனுக்குப் போகிறார்கள். போரிலும் சிறையிலும் அடிபட்டு மிஞ்சியவர்கள் அதே வழியில் திரும்புகிறார்கள். 2024 ஏப்ரலில் அப்படித் திரும்பிய ஒரு படகு கவிழ்ந்து குறைந்தது 38 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அதே மாதம் இன்னொரு படகு. அதே ஆண்டு அக்டோபரில் படகிலிருந்து கடலில் இறங்கும்படி விரட்டப்பட்டு 45 பேர். ஐந்து வெளிநாட்டுப் படைகள் குடியிருக்கும் கரையில், உலகத்தின் போர்க்கப்பல்கள் இரவும் பகலும் ரோந்து சுற்றும் கடலில், கூலிக்குப் போனவன் மூழ்குகிறான். எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் உண்டு, ஏழையின் படகுக்கு இல்லை.

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மழையும் மண்ணும் இல்லாத நாடு வேறு எதை வைத்துப் பிழைக்கும்? வாடகையை வேண்டாம் என்று சொன்னால் நாளைக்குச் சோறு எங்கிருந்து வரும்? நாம் அந்த மக்களுக்குப் பட்டினியை உபதேசிக்கவில்லை. தங்கள் நிலத்தின் மதிப்பைக் கேட்டு வாங்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் குத்தகையை எழுதியது யார், மக்களைக் கேட்டு எழுதினார்களா, வந்த பணம் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும். கேட்பதற்குச் சங்கம் வேண்டும், பத்திரிகை வேண்டும், உண்மையான தேர்தல் வேண்டும். இவை இல்லாத இடத்தில் வாடகை என்பது நாட்டின் வருமானமாகாது. வாயை மூடுவதற்குக் கொடுக்கும் கூலியாகிவிடும்.

இந்தியாவும் அங்கே ஒரு தளம் பிடித்துவிட வேண்டும் என்று நம் நாட்டில் சிலர் எழுதுகிறார்கள். அந்த வரிசையில் நிற்க நமக்கென்ன அவசரம்? 2015-இல் நம் மக்களைக் காப்பாற்றத் தேவைப்பட்டது திறந்த துறைமுகமும் உதவும் மனமும்தான். ஜிபூட்டிக்கு நாம் பட்ட நன்றிக்கடனைத் தீர்க்க வேண்டுமானால், அந்த நாட்டு மாணவனுக்குப் படிப்புக் கொடுப்போம், நோயாளிக்கு மருந்து கொடுப்போம், வேலையிழந்த தொழிற்சங்கத் தோழனுக்காகக் குரல் கொடுப்போம்.

கேள்வி கேட்ட இளைஞருக்கு ஒரு வார்த்தை. தம்பி, நாம் குடியிருக்கும் சந்தில் வாடகை வாங்குகிறவர் யார், குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று பார். ஜிபூட்டி அரசாங்கத்தைப் புரிந்துகொள்ள அது போதும். அடுத்த ஞாயிறு வாசகசாலைக்கு வா. மறுத்துச் சொல்ல இருந்தால் சொல். பேசுவோம்.