தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். ஊர் வழக்குக்குச் சொன்ன இந்தப் பழமொழி அணு ஆராய்ச்சிக்கும் பொருந்தும். கண்ணால் காணவே முடியாத ஒரு பொருளை விஞ்ஞானிகள் விசாரித்தே கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் குளுவான்.

பசை எங்கே?

அணுவின் நடுவே கரு இருக்கிறது. கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான் என்ற துகள்கள். அவற்றுக்குள்ளே குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்கள். குவார்க்குகளைப் பிரியவிடாமல் ஒட்டிவைத்திருக்கும் பசைதான் குளுவான் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கணக்கு சரி, சாட்சி எங்கே?

குவார்க்கும் குளுவானும் தனியாக வெளியே வருவதில்லை. ரப்பர் நாடாவை இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்க இறுகும், கடைசியில் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் இரண்டு புது முனைகள் உண்டாகும். குவார்க்கைப் பிரித்து இழுத்தாலும் இப்படித்தான். இழுத்த சக்தியே புதிய துகள்களாக மாறிவிடுகிறது. ஆகவே குவார்க் ஓடிய திசையில் ஒரு துகள் கூட்டமே பீறிட்டு ஓடும். அந்தக் கூட்டத்துக்கு 'ஜெட்' என்று பெயர். ஆளைக் காணவில்லை, ஆனால் காலடித் தடம் கிடைத்துவிட்டது!

மூன்றாவது தடம்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 'பெட்ரா' என்ற யந்திரம் 1978-ல் ஓடத் தொடங்கியது. அது 2.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். அதில் எலெக்ட்ரானையும் அதன் எதிர்த் துகளான பாசிட்ரானையும் எதிரெதிரே ஓடவிட்டு மோதவைத்தார்கள். மோதியதும் இரண்டும் மறைந்தன. அந்தச் சக்தியிலிருந்து ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க் குவார்க்கும் பிறந்து, இரண்டு ஜெட்டுகளாக எதிரெதிர்த் திசையில் பாய்ந்தன.

குளுவான் இருப்பது உண்மையானால், சில சமயம் மூன்றாவது ஜெட் ஒன்றும் தெரியவேண்டும். ஜான் எல்லிஸ், மேரி கைலார்ட், கிரஹாம் ராஸ் ஆகிய மூவரும் 1976-லேயே இப்படி எழுதிவைத்திருந்தார்கள்.

1979 ஜூனில் 'டாசோ' குழுவினர் அந்த மூன்றாவது ஜெட்டைக் காட்டினார்கள். அதைக் கணக்கிட்டு அறியும் முறையை வகுத்தவர்களில் ஒருவர் சௌ லான் வூ. ஹாங்காங்கில் வறுமையில் வளர்ந்து, படித்து உயர்ந்த பெண்மணி!

ஒரு சாட்சி போதுமா?

போதாது. ஒரு ஜெட் தற்செயலாகச் சிதறினாலும் இரண்டு போலத் தோன்றலாம் அல்லவா? அதே வளையத்தில் மார்க்-ஜே, புளூட்டோ, ஜேட் என்று வேறு மூன்று குழுக்கள் இருந்தன. தனித்தனிக் கருவி, தனித்தனிக் கணக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவில் சிகாகோ அருகே கூடிய மாநாட்டில், நான்கு குழுக்களும் மூன்று ஜெட் சாட்சியத்தை முன்வைத்தன. குளுவான் உண்மை என்று உலகம் ஏற்றது.

2012-ல் ஜெனீவா அருகே ஹிக்ஸ் துகளைக் கண்டபோதும் இதே நியாயம்தான். அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்ட பிறகே அது கண்டுபிடிப்பு ஆயிற்று.

நமக்கு என்ன பாடம்?

கைபேசியில் ஒரு செய்தி வருகிறது. அதையே பத்துப் பேர் அனுப்புகிறார்கள். உடனே நம்பிவிடுகிறோம். பத்துப் பேர் அனுப்பினால் பத்துச் சாட்சி ஆகிவிடுமா? ஆகாது. எல்லாம் ஒரே வாயிலிருந்து புறப்பட்டதாக இருக்கலாம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, 2018-ல் நம் நாட்டில் பல இடங்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். விசாரிக்காமல் நம்பியதற்கு உயிர்களே விலையாகப் போயின.

அணுவுக்குள் இருக்கும் ஒரு துகளை நம்புவதற்கே நான்கு தனிச் சாட்சிகளை நாடினார்கள் விஞ்ஞானிகள். ஒரு மனிதனைக் குற்றவாளி என்று நம்புவதற்கு அதில் பாதியாவது நாம் கேட்க வேண்டாமா?

"நாலு பேர் சொன்னார்கள்" என்பது போதாது. நாலு பேரும் தனித்தனியே பார்த்தார்களா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். தீர விசாரிப்பது என்றால் இதுதான்.