நிறுத்திய பிள்ளையைத் திட்டாதீர்கள்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவர் மகள் வெளியூரில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். தனியாக ஓட்டிய ஒருநாள், ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது விமானம் இடப்பக்கம் இழுத்திருக்கிறது. நேராக்கப் பார்த்தாள், முடியவில்லை. எஞ்சின் வேகத்தைக் குறைத்து நிறுத்திவிட்டாள். "லட்சக்கணக்குல கட்டியிருக்கேன் சார், பயந்து நிறுத்திட்டு வந்திருக்கா" என்று வருத்தப்பட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒற்றை எஞ்சின் விமானம் ஏன் இடப்பக்கம் இழுக்கிறது? பெரும்பாலான பயிற்சி விமானங்களில் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் விசிறி கடிகாரச் சுற்றில் சுழலும். அது பின்னே தள்ளும் காற்று உடலைச் சுற்றி வளைந்து வந்து, வாலின் இடப்பக்கத்தில் மோதும். வால் வலமாகப் போகும், மூக்கு இடமாகத் திரும்பும். நியூட்டனின் மூன்றாம் விதியும் சேர்ந்துகொள்ளும். விசிறி ஒருபுறம் சுழன்றால் உடல் எதிர்ப்புறம் சாயப் பார்க்கும், இடச் சக்கரத்தில் பாரம் கூடும். அதனால்தான் வலக்காலால் பெடலை அழுத்தச் சொல்கிறார்கள். கார் ஓட்டிய பழக்கத்தில் கையால் திருப்பினால் தரையில் பயன் இல்லை. அங்கே திசை காலில் இருக்கிறது.

அரசலாற்று முகத்துவாரத்தில் படகுகளைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது எளிது. தண்ணீர் வேகமாக ஓடினால்தான் சுக்கான் பேசும். விமானத்தின் வால் சுக்கானுக்கும் காற்று ஓட வேண்டும். தொடக்கத்தில் முன்சக்கரம் திசை கொடுக்கும். வேகம் ஏற ஏற மூக்கு இலேசாகி, சக்கரத்தின் பிடி குறையும், சுக்கான் பொறுப்பேற்கும். இந்தக் கைமாறும் நேரத்தில் பக்கவாட்டில் கொண்டலோ கச்சானோ அடித்தால், வால் பாய்மாதிரி காற்றை வாங்கி, மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பிவிடும். பதறி ஒரு பெடலை ஓங்கி மிதித்து, பிறகு மற்றதை மிதித்தால் ஆட்டம் பெரிதாகும். பெடலின் மேல்பகுதி பிரேக். பாதம் மேலே ஏறியிருந்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

விசிறி இல்லாத ஜெட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2025 அக்டோபர் 9 அன்று உத்தரப் பிரதேசம் ஃபரூக்காபாத் மாவட்டத்தின் முகமதாபாத் ஓடுதளத்திலிருந்து போபாலுக்குக் கிளம்பிய சிறிய தனியார் ஜெட், புறப்படும்போதே பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போய் நின்றது. நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். டயரில் காற்று குறைவாக இருந்தது என்ற குற்றச்சாட்டு செய்திகளில் வந்தது.

என் கருத்து இதுதான். சக்கரம் தரையில் இருக்கும்வரை, முன்னே பாதை மிச்சம் இருக்கும்வரை, நிறுத்துவது தோல்வி இல்லை. 'எப்படியாவது தூக்கிவிடலாம்' என்று போதிய வேகம் வருமுன் மூக்கைத் தூக்குவதுதான் ஆபத்து. அப்படித் தூக்கினால் தரையில் இருந்த சிக்கல் ஆகாயத்துக்குப் போகும், இறக்கை சரிந்து விழலாம். எந்த நிலையில் நிறுத்துவது என்பதை ஓடத் தொடங்கும் முன்பே மனத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஓடும்போது யோசிக்க நேரம் கிடைக்காது.

பணம் கட்டிய அப்பா என்ன சொல்வாரோ என்ற நினைப்பு அந்தச் சில விநாடிகளில் பிள்ளையின் தலைக்குள் இருக்கக் கூடாது. நாம் வீட்டில் பேசும் பேச்சும் விமானத்தில் ஏறி உட்காருகிறது. வகுப்பில் "தெரியலை சார்" என்று எழுந்து சொன்ன பிள்ளைகளை நானும் சில நாள் கடிந்திருக்கிறேன். பிறகு அவர்கள் தெரியாததை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தவறு என்னுடையது.

தம்பி, இன்றிரவு மகளுக்குப் போன் செய். "நல்லா நிறுத்தினம்மா" என்று மட்டும் சொல். ஏன் இழுத்தது என்பதை அவள் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

விமானத் துறையில் இருக்கும் என் மாணவர்கள், நான் சொன்னதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்துவதில் தயக்கம் வேண்டாம்.