வாங்காத கடன்: நிரூபிக்க வேண்டியது யார்?

2022 பிப்ரவரியில், தங்கள் பான் எண்ணை வைத்து தானி (Dhani) என்ற கடன் செயலியில் யாரோ கடன் வாங்கியிருப்பதாகப் பலர் புகார் சொன்னார்கள். நடிகை சன்னி லியோனும் அவர்களில் ஒருவர். கடன் 2,000 ரூபாய். பிரபலம் என்பதால் அவருடைய கடன் பதிவு சீக்கிரம் திருத்தப்பட்டது. எங்கள் பக்கத்துப் பென்னாகரத்தில் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு இப்படி நடந்தால் அந்த வேகம் வாய்க்காது. மோசடிக்காரர் கொடுத்த செல்போன் எண்ணில்தான் செயலிக் கணக்கே இருக்கும். இவர் உள்ளே நுழைய முயன்றால் ஓடிபி அங்கேதான் போகும். திருடனிடமே சாவி கேட்கிற கதை!

ஆதார், பான் நகலைக் கண்ட இடத்தில் கொடுத்தது மக்கள் தவறுதானே என்பார்கள். சிம் கார்டு முதல் குழுக்கடன் வரை ஜெராக்ஸ் கேட்டுவந்த ஊரில் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆளைச் சரிபார்ப்பது வட்டி வாங்குபவரின் வேலை. கடன் பதிவு பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் சொன்னது நல்லதுதான். ஆனால் அது தாமதத்துக்கான விலை மட்டுமே. நிரூபிக்கும் சுமையைப் பொறுத்தவரை, அனுமதியில்லாத மின்னணு வங்கிப் பரிவர்த்தனையில் வாடிக்கையாளர் மீது பொறுப்பு உண்டென்று நிரூபிப்பது வங்கியின் கடமை என 2017 ஜூலையிலேயே அதே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. செயலிக் கடனுக்கும் அதுவே பொருந்தட்டும். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி செயலிக் கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். அப்படியானால் பணம் யார் கணக்குக்குப் போனது என்று நிறுவனம் முதலில் காட்டட்டும். அதுவரை வசூல் போன் வரக்கூடாது, சிபில் மதிப்பெண்ணிலும் கை வைக்கக்கூடாது.

— வாசகர், தருமபுரி