உறவுக்கு ஒரு சாசனம்

துடியலூர் வட்டாரத்துக் கொங்கு வேளாளர் கல்யாணங்களில், மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தாளைக் கொண்டு செய்யும் இணைச்சீர் என்னும் சடங்கை அருகிலிருந்து பார்த்தவர்கள், அப்படியொருத்தி இல்லாதபோது பங்காளி வீட்டுப் பெண்ணொருத்தி அந்த ஸ்தானத்தில் வந்து நிற்பதையும், சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் அவளைக் கொண்டே சீரை நிறைவேற்றுவதையும், ஒரே வயிற்றில் பிறந்தவளா என்று சபையில் ஒருவரும் விசாரிக்காததையும் கவனித்திருப்பார்கள். 1960-களில் காங்கேயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1972-இல் வெளியிட்ட நூலில் கொங்கு நாட்டு உறவுமுறைகளையும் சடங்குகளையும் விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். உறவு என்பது பிறப்பினால் மாத்திரம் வருவதன்று, ஊரார் சாட்சியாக மனிதர் ஏற்படுத்திக்கொள்வதும் ஆகும் என்பதற்கு நம் சம்பிரதாயங்களே பிரத்தியட்சப் பிரமாணம்.

நாமக்கல் பக்கத்தில் பிறந்த ஏ. ரேவதி தம் சுயசரிதையான 'வெள்ளை மொழி'யில் காட்டும் திருநங்கையர் வாழ்விலும், பெற்ற வீடு கைவிட்டவர்களுக்குக் குருவே தாயாகிறாள். ஆயினும் அந்தத் தாயோ, ஒரு பெண்ணைத் துணையாகக் கொண்ட பெண்ணோ, ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் சம்மதப் படிவத்தில் 'உறவுமுறை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவுடன் திகைத்து நிற்க, பல வருஷம் எட்டிப் பாராத அண்ணனைத் தேடி ஆள் போகிறது. இது அநியாயம்.

ஒரே பாலினத்தவர் விவாகத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் 17-10-2023 அன்று மறுத்தது. அடுத்த மாதமே, இத்தகையோர் தம் உறவைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ள வழிசெய்வதைத் தமிழக அரசு பரிசீலிக்கலாம் என்றார், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். 22-5-2025 அன்று, பெற்றோரின் பிடியிலிருந்த 25 வயதுப் பெண்ணை அவள் விரும்பியவளுடன் செல்ல அனுமதித்த நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைப்பதற்கு விவாகம் ஒன்றே மார்க்கமன்று என்று தீர்ப்பளித்தனர்.

குடும்ப கௌரவம் என்னாகும் என்பார்கள். 13-3-2016 அன்று உடுமலைப்பேட்டைப் பஸ் நிலையத்தருகே, சாதி மாறி மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற இளைஞர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதும் அந்தக் கௌரவத்தின் பெயரால்தான். பெற்ற பெண்ணின் மனத்தைக் காட்டிலும் அதைப் பெரிதாக மதிக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்டம் செய்த ராஜ்யம் இது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்ன அந்த உறவுப் பத்திரத்துக்கும் உரிய சட்டத்தை அரசு தாமதமின்றிப் பேரவையில் கொண்டுவர வேண்டும்.