எரிந்த வால்வும் உத்தரவாதச் சீட்டும்

கதையும் கவிதையும் விமர்சனமும் பேசிவரும் இந்தப் பக்கத்தில் டீசல் காரின் வால்வைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஒரு பிரதியை எழுதியவனே அதற்குப் பொருள் சொல்லும் உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டவர்கள் நாம். அந்தக் கேள்வி மிக அப்பட்டமாக எழுவது, கார் வாங்கும்போது கையில் திணிக்கப்படும் உத்தரவாதச் சீட்டில்தான். அதை எழுதியவர் உற்பத்தியாளர். அதற்கு உரை சொல்பவர் அவருடைய முகவர். பணம் கட்டிய வாசகனுக்கு மட்டும் அங்கே வாசிப்புரிமை இல்லை.

புதுக்கோட்டையைச் சேர்ந்த எங்கள் நண்பர் ஒருவர் டீசல் கார் ஒன்றை வாங்கித் தாமே வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறார். அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வெளிநாடு செல்வோரைத் திருச்சி விமான நிலையத்தில் கொண்டுசேர்ப்பது அவருடைய முக்கியச் சவாரி. உத்தரவாதக் காலம் முடிய ஐந்து மாதம் மிச்சமிருக்கையில், கீரனூரைத் தாண்டியதும் வண்டியில் இழுவை குறைந்தது. இன்ஜின் ‘மிஸ்ஸிங்’ அடித்தது. அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு சிலிண்டரின் புகைபோக்கு வால்வு, அதாவது மெக்கானிக்குகள் ‘எக்ஸாஸ்ட் வால்வு’ என்பது, விளிம்பில் ஒரு கீற்றாக எரிந்து தின்னப்பட்டிருந்தது.

முதல் வாரம் சொல்லப்பட்ட காரணம், டீசலில் கலப்படம். இரண்டாம் வாரம், இயல்பான தேய்மானம். மூன்றாம் வாரம், ‘ஒரு சர்வீஸை வெளியில் செய்திருக்கிறீர்கள், ஆகவே உத்தரவாதம் செல்லாது.’ மூன்றும் வாய்மொழி. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது மேலாளர் கூட்டத்தில் இருந்தார்.

வால்வு எப்படி எரிகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு புகைபோக்கு வால்வும் நிமிடத்துக்கு 1000 முறை திறந்து மூடுகிறது. திறக்கும்போதெல்லாம் பல நூறு டிகிரி வெப்பமுள்ள வாயு அதைக் கடந்து போகிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் கணத்தில் தன் இருக்கையோடு, அதாவது ‘சீட்’டோடு, ஒட்டி நின்றுதான் வால்வு இறக்கிவைக்கிறது. மிச்சம் தண்டின் வழியாகக் ‘கைடு’க்குப் போகிறது. ஏதோ காரணத்தால் வால்வு முழுதாக உட்காராவிட்டால், அந்த மயிரிழை இடைவெளியில் பீறிடும் வாயு விளிம்பை அறுத்துவிடும்.

அந்த ‘ஏதோ காரணம்’ பலவாக இருக்கலாம். டேப்பெட் இடைவெளி குறைந்திருக்கலாம். இருக்கையில் கரி படிந்திருக்கலாம். குளிர்விக்கும் நீர் வற்றி ஹெட் காய்ந்திருக்கலாம். உலோகமோ அதன் வெப்பப் பதனமோ தரம் குறைந்ததாக இருக்கலாம். இவற்றில் சில உரிமையாளரின் அலட்சியம், சில ஆலையின் பிழை. ஆனால் எதுவும் அடையாளம் விடாமல் போவதில்லை. பிஸ்டன் மோதினால் தண்டு வளையும். களைப்பால் உடைந்த உலோகத்தின் முறிவுப் பரப்பில் விரிசல் வளர்ந்த வரிகள் தெரியும். தரக்குறைவான உலோகத்தை நுண்ணோக்கியும் வேதிப் பகுப்பாய்வும் காட்டிக்கொடுக்கும். கண்டுபிடிக்கக்கூடிய உண்மை இது. கண்டுபிடிக்க விருப்பமில்லாதவர்களே அதை ‘தேய்மானம்’ என்ற ஒற்றைச் சொல்லில் புதைக்கிறார்கள்.

மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலப்படம் என்றால் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்தார்களா? இல்லை. கெட்ட டீசல் நான்கு சிலிண்டருக்கும் பொதுவானது, இன்ஜெக்டர்களையும் பம்பையும்கூடத் தொடக்கூடியது. மற்றவையெல்லாம் நன்றாக இருக்க ஒரு வால்வு மட்டும் எரிந்தது ஏன் என்று விளக்குவது குற்றம்சாட்டியவரின் கடமை.

தேய்மானம் என்றால், உத்தரவாதக் காலத்துக்குள் தேய்ந்து தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கப்படும் உறுப்பா புகைபோக்கு வால்வு? பிரேக் கட்டையும் கிளட்ச் தட்டும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. வால்வை அந்த வரிசையில் நிறுத்துவது தமிழுக்கும் பொறியியலுக்கும் ஒருசேரச் செய்யும் துரோகம்.

வெளியில் சர்வீஸ் செய்தது குற்றமா? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக உத்தரவாதத்தை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையின் பிழையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது. அந்த நியாயம் எந்தப் பணிமனையின் சுவரிலும் ஒட்டப்படவில்லை.

உரிமையாளர் பக்கம் பிழையே கிடையாது என்று நாங்கள் வாதிடவில்லை. ஆயில் மாற்றாமல் ஓட்டுகிறவர்களும், வெப்பமுள் ஏறியதைப் பார்த்தபடியே அடுத்த ஊர் வரை போகிறவர்களும் உண்டு. ஒரு பாகம் கெட்டால் கார் முழுவதையும் மாற்றிக் கேட்பதும் முறையன்று. மாருதி உத்யோக் தொடர்பான 2006-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் பழுதான பாகத்தைப் பற்றியதே என்றது. ஏற்கிறோம். எங்கள் நண்பர் கேட்பதும் ஒரு வால்வும் அதைப் பொருத்தும் கூலியும்தான். இதே உச்ச நீதிமன்றம் 2004-இல், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் டீசல் கார் ஒன்றைப் பற்றிய வழக்கில், குறையுள்ள வண்டியைப் புதியதென விற்க முனைந்ததை வெட்கக்கேடு என்று கடிந்ததையும் மறக்க வேண்டாம்.

சட்டம் கைகொடுக்குமா? ஓரளவு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். கார் எந்த ஊர்க் கடையில் வாங்கியதாக இருந்தாலும் புதுக்கோட்டை மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் ரூ. 200. கால வரம்பு இரண்டாண்டு. ‘வாடகை வண்டி, எனவே நீர் நுகர்வோரே அல்லர்’ என்ற வாதமும் செல்லாது. பிழைப்புக்காகத் தாமே ஓட்டுகிறவர் நுகர்வோரே என்பதைக் கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கழகம் தொடர்பான 1995-ஆம் ஆண்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆனால் இதே சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிறது. ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயமே அதில் உண்டு. ‘தீங்கு’ என்பதற்கான வரையறையோ பொருளுக்கே நேரும் கேட்டை விலக்கிவிடுகிறது. எரிந்த வால்வு யாரையாவது காயப்படுத்தினாலோ வேறு உடைமையைச் சேதப்படுத்தினாலோதான் அந்த அத்தியாயம் விழிக்கும். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று சீட்டின் வாசகத்தையே எதிர்க்க விரும்பினால் மாவட்ட ஆணையம் அதைக் கேட்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பழுதைச் சோதிக்க ஆய்வகத்துக்கு அனுப்பும்போது அந்தக் கட்டணத்தையும் புகார்தாரரையே கட்டச் சொல்லலாம். அறியும் கருவி, வரைபடம், உலோகத்தின் பிறப்புச் சான்று எல்லாம் உற்பத்தியாளரிடம். நிரூபிக்கும் சுமை மட்டும் வாடகைக்கு ஓட்டுகிறவர் தலையில்.

எங்கள் மாவட்டத்துத் திருமயத்தில், 13-ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாருக்கும் பெருமாள் கோயிலாருக்கும் இருந்த வழக்கைத் தீர்த்து, தீர்ப்பைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இரு தரப்புக்கும் பொதுவான சாசனம் அது. ஒரு தரப்பு மட்டும் தன் வசதிக்கு மாற்றி உரை சொல்லிவிட முடியாது. இன்றைய சாசனமோ பொடி எழுத்து ஆங்கிலத்தில், கையுறைப் பெட்டிக்குள் கிடக்கிறது.

எனவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. தமிழ்நாட்டில் விற்கும் காரின் உத்தரவாதம் தமிழிலும் இருக்க வேண்டும். மறுப்பு எதுவாயினும் காரணத்தோடு எழுத்தில் தரப்பட வேண்டும். கழற்றிய பாகம் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதுதான் வழக்கின் ஒரே சாட்சி. உலோகவியலுக்கெனத் தனித்துறை வைத்திருக்கும் தேசிய தொழில்நுட்பக் கழகம் திருச்சியில் இருக்கும்போது, அத்தகைய இடங்களின் சோதனை மாவட்ட ஆணையங்களுக்கு எளிதில் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். கட்டணத்தை முதலில், மறுக்கிற தரப்பே கட்டட்டும்.

அதுவரை வாசக நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் குறையை உங்கள் சொற்களில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் நண்பர் அப்படிக் கேட்டு வாங்கிய வால்வு, செய்தித்தாளில் சுற்றியபடி, அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.