பெயர் இல்லாத முதலாளி

பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு வியாபாரம் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் ஒரு நாளும் கடை வைத்ததில்லை. ஆனால் மற்றவர்களுடைய கடை, படகு, பட்டறை, ஆலை சம்பந்தப்பட்ட கோப்புகளை முப்பது வருடத்துக்கு மேல் புரட்டியவன். எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போட்டார், பிற்பாடு அது தன் கையெழுத்தே இல்லை என்று யார் சாதித்தார் என்பதெல்லாம் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே ஒரு விஷயம் என் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சில் கூட்டு வியாபாரத்தில் இரண்டு வகை முக்கியம். ஒன்று 'சொசியெத்தே ஆன் நோம் கொலெக்திஃப்'. கூட்டாளிகள் எல்லோருடைய பெயரிலும் நடக்கும் தொழில் என்று அர்த்தம். இதில் நஷ்டம் வந்தால் ஒவ்வொரு கூட்டாளியும் தன் சொந்தச் சொத்து வரைக்கும் பொறுப்பு. இன்னொன்று 'சொசியெத்தே அனொனிம்', அதாவது பெயரில்லாத கம்பெனி. பங்கு போட்டவன் போட்ட பணத்தோடு அவன் பொறுப்பு முடிந்தது. நெப்போலியன் காலத்து 1807 வணிகச் சட்டத்தில், இந்த இரண்டாவது வகைக் கம்பெனிக்குக் கூட்டாளிகளின் பெயரை வைக்கவே கூடாது என்று இருந்தது. இங்கிலீஷ்காரன் இதையே 'லிமிடெட்' என்று நாசூக்காகச் சொல்லிவிட்டான். பிரெஞ்சுக்காரன் ஒளிக்காமல் 'பெயரில்லாதது' என்றே எழுதி வைத்தான்.

எங்கள் கிளிஞ்சல்மேட்டில் கடல் தொழில் முழுக்க முழுக்கப் பெயருள்ள தொழில். கட்டுமரக் காலத்திலும் அப்படித்தான், இன்றைக்கு ஃபைபர் படகிலும் அப்படித்தான். பாடு வந்து இறங்கியதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியில் படகுக்கும் வலைக்கும் இஞ்சினுக்கும் பங்கு, கடலுக்குப் போன ஆளுக்கும் பங்கு. கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் பாடு இல்லாத நாளில் முதலாளிக்கும் பங்கு இல்லை என்பது மாறாது. மாதச் சம்பளம் பேசிக்கொண்டு கட்டுமரம் ஏறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஏவாரி கொடுக்கும் முன்பணமும் அப்படித்தான். வலை வாங்க, இஞ்சின் வாங்க ஏவாரி பணம் கொடுப்பார். அதற்குப் பதிலாக மீனை அவருக்கே போட வேண்டும். அவர் விலையில் கொஞ்சம் பிடிப்பார். 'வட்டி இல்லை' என்று வாயால் சொல்வார், வட்டி எல்லாம் மீன் விலைக்குள்ளே இருக்கும். இதை நான் புகழவில்லை. அப்பன் வாங்கிய முன்பணத்தைப் பேரன் முடித்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவர். ஏவாரியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு படகுக்காரர் இந்த ஏவாரியை விட்டு வேறு ஏவாரியிடம் போக வேண்டுமானால், புது ஏவாரி பழையவருடைய முன்பணத்தைக் கட்டித்தான் ஆளை அழைத்துக்கொள்ள முடியும். படகு கை மாறினாலும் முதல் கேள்வி, 'ஏவாரி கணக்கு முடிஞ்சுதா?' என்பதுதான். பாக்கி தீராமல் வாங்கினால் வாங்கியவர் தலையில் விழும், பஞ்சாயத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும். படகோடு அதன் கடனும் சேர்ந்தே போகும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். படகும் போச்சு, வலையும் போச்சு, வீட்டில் ஆட்களும் போனார்கள். ஏவாரி கொடுத்திருந்த பணமும் அதே தண்ணீரில்தான் போனது. அப்படியிருந்தும் சில ஏவாரிகள் மறுபடியும் முன்பணம் கொடுத்தார்கள். தர்மத்துக்கு இல்லை. படகு கடலுக்குப் போகாவிட்டால் அவர்களுக்கும் பிழைப்பு இல்லை. கொடுத்தவனும் வாங்கினவனும் ஒரே கரையில் இருந்ததால் ஒருவரை ஒருவர் கைகழுவ முடியவில்லை.

இனி நம் ஊருக்குத் தெற்கே கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு வருகிறேன். சென்னையைச் சேர்ந்த மார்க் நிறுவனம் புதுச்சேரி அரசோடு 2006-இல் ஒப்பந்தம் போட்டது. 2009-இல் கப்பல் வந்தது. நிலக்கரி இறங்கியது, ரயில் பாதை வந்தது, நம் பிள்ளைகள் சிலருக்கு வேலை கிடைத்தது, நாகூர்க்காரர்களுக்குத் தூசு கிடைத்தது. பிறகு கடன் ஏறியது. வங்கிகளின் கடனை வாங்கி வசூலிக்கும் கம்பெனிகள் உள்ளே வந்தன. 2022-இல் விஷயம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போயிற்று. 2023 மார்ச் 31 அன்று தீர்ப்பாயம் சம்மதம் கொடுத்தது. மறுநாளே அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்குக் கையகப்படுத்தியதாக அறிவித்தது. கடற்கரையில் பலகை மாறியது, கப்பல் வருவது நிற்கவில்லை. இதில் யார் செய்தது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. எனக்குக் கேள்வியே அந்தச் சட்டத்தைப் பற்றித்தான்.

அது 2016-இல் வந்த திவால் சட்டம். அதன்படி ஒரு கம்பெனி நொடித்தால் கடன் கொடுத்தவர்களின் குழு ஒன்று கூடி, யாருக்கு விற்பது, எவ்வளவுக்கு விற்பது என்று முடிவு செய்யும். அந்தக் குழுவில் ஓட்டு யாருக்கு? வங்கிக்கும் பணம் கடன் கொடுத்தவர்களுக்கும்தான். அரிசி கொடுத்தவன், லாரி ஓட்டியவன், வாட்ச்மேன் ஆள் அனுப்பியவன், ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவன், இவர்களுக்கெல்லாம் ஓட்டு கிடையாது. எல்லோருடைய பாக்கியும் சேர்ந்து மொத்தக் கடனில் பத்து சதவீதம் இருந்தால் ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம். உட்காரலாம், அவ்வளவுதான். கம்பெனியைக் கலைத்துப் பங்கு போடும்படி ஆனால், தொழிலாளிக்கு 24 மாதச் சம்பளப் பாக்கி வரை வங்கிக்குச் சமமான வரிசையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அரிசிக்காரனுக்கு அந்த வரிசையும் இல்லை.

புது முதலாளி வந்ததும், ஒப்புக்கொண்ட திட்டத்தில் சேராத பழைய பாக்கி எல்லாம் அழிந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. வக்கீல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சுத்தமான சிலேட்டு'. நாம் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் வாத்தியார் விரலில் அடிப்பார்.

அழிப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவன் என் மச்சான் மகன். இது துறைமுகக் கதை இல்லை. வேறு மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். அங்கே ஆட்களை ஏற்றி இறக்க இரண்டு வேன் ஓட்டினான், கேன்டீனுக்குச் சாப்பாடும் கொடுத்தான். முதல் இரண்டு வருடம் பில் ஒழுங்காக வந்தது. பிறகு இரண்டு மாதம் தள்ளி வந்தது, பிறகு நான்கு மாதம். 'பெரிய கம்பெனி மாமா, எங்கே போகப்போறாங்க' என்றான். நான்கு லட்சத்துக்குக் கிட்ட நின்றுபோனது. அந்தச் சமயத்தில் கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. பாக்கி உள்ளவர்கள் மனு போட வேண்டும் என்று ஒரு இங்கிலீஷ் பேப்பரிலும் ஒரு தமிழ்ப் பேப்பரிலும் விளம்பரம் வரும். அன்றைக்கு அவன் வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். யாரோ சொல்லி, கடைசி நேரத்தில் 'பி' படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினோம். படிவத்தை எழுதியது நான்தான், அதில் ஒரு கமாகூடக் குறை இல்லை. ஒன்றரை வருடம் கழித்துப் பதில் வந்தது. அவன் பாக்கி அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. அவனுக்குச் சேர வேண்டிய தொகை என்ற இடத்தில் பூஜ்ஜியம்.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அவனுக்கு வர வேண்டியது அழிந்ததே தவிர, அவன் கொடுக்க வேண்டியது எதுவும் அழியவில்லை. டீசல் பங்க்காரர் சிலேட்டைத் துடைக்கவில்லை. அரிசிக்கடைக்காரர் துடைக்கவில்லை. இரண்டு டிரைவர்களுக்கும் சம்பளம் நின்றிருந்தது. அவர்கள் அவன் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள், தீர்ப்பாயத்துக்குப் போகவில்லை. ஒரு வேனை விற்று டிரைவர்களுக்குக் கொடுத்தான். அரிசிக்கடைக்காரர் மாதா மாதம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். இன்னும் முடியவில்லை. அவன் பெயருள்ள முதலாளி, அதனால் அவனைத் தேடிவர எல்லோருக்கும் விலாசம் இருந்தது.

இதைச் சொன்னதும் வங்கியில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் சண்டைக்கு வந்துவிட்டான். 'பெரியப்பா, பழைய பாக்கியை எல்லாம் சுமக்கச் சொன்னா எவன் வந்து வாங்குவான்? வாங்க ஆளில்லாம துருப்பிடிச்சுக் கிடந்தா பரவாயில்லையா? அப்ப நூறு பேருக்கு இருக்கிற வேலையும் போகுமே' என்றான். அவன் சொல்வதில் பாதி சரி. புதுச்சேரியில் ஏ.எஃப்.டி. ஆலை கண் முன்னே இருக்கிறது. ரோடியர் மில் என்றால் நம் வயசுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1898-இல் வந்த ஆலை. புதுச்சேரி ஆலைத் தொழிலாளிகள் 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு உயிரைக் கொடுத்து, மறு வருடம் எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். அப்பேர்ப்பட்ட தொழிலாளிகளின் ஊர். ரோடியர் மில் பிற்பாடு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததில் பலத்த சேதம். அதற்குப் பின் தலை தூக்கவில்லை. வருடக்கணக்கில் வேலை இல்லாமல் ஆள் குறைப்புப் படி, மனு, ஆர்ப்பாட்டம் என்று ஓடி, 2020 ஏப்ரல் 30-இல் மூடினார்கள். விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. அரசாங்கம் முதலாளியாக இருந்தாலும் அதுவும் பெயரில்லாத முதலாளிதான். இதை அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன்.

ஆகவே நொடித்த தொழிலைப் புது ஆள் எடுத்து நடத்துவதை நான் எதிர்க்கவில்லை. நூறு கோடி கொடுத்த வங்கியும் நான்கு லட்சத்துக்குச் சாப்பாடு போட்டவனும் ஒரே மாதிரி நஷ்டத்தைத் தாங்குவார்கள் என்று சட்டம் நினைக்கிறதே, அதைத்தான் எதிர்க்கிறேன். வங்கி கடன் கொடுக்கும்போதே வராக்கடனுக்கென்று ஒதுக்கி வைக்கிறது, அடமானம் வாங்குகிறது, வட்டியில் அதற்கும் சேர்த்துப் பிடிக்கிறது. சாப்பாட்டுக்காரன் எதை ஒதுக்குவான்? சாம்பாரையா? 2020 மார்ச்சில் இன்னொரு மாற்றமும் செய்தார்கள். ஒரு கம்பெனியைத் திவால் என்று தீர்ப்பாயத்துக்கு இழுக்க முன்பு ஒரு லட்சம் பாக்கி இருந்தால் போதும். அதை ஒரு கோடி ஆக்கிவிட்டார்கள். கொரோனா காலம், கம்பெனிகளைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். கொரோனா போய்விட்டது, ஒரு கோடி மட்டும் போகவில்லை.

குமாஸ்தா மூளைக்கு எட்டிய இரண்டு யோசனை சொல்கிறேன். ஒரு தொகை வரைக்கும், பத்து லட்சம் என்று வையுங்கள், உள்ளூர்ச் சில்லறைப் பாக்கிகளை முதலில் முழுசாகக் கட்டிவிட்டுத்தான் புது முதலாளி சாவியை வாங்க வேண்டும். ஆயிரம் கோடிக்கு வாங்குகிறவனுக்கு அது கப்பலில் ஒட்டிய பாசி மாதிரி, எடையே தெரியாது. அடுத்தது, துறைமுகம் போல அரசாங்கம் நிலமும் கரையும் கொடுத்து நடத்தச் சொல்லும் தொழில்கள். ஒரு சாக்கடை கட்டும் கான்டிராக்டரிடம்கூட நாங்கள் டெபாசிட் பிடித்துவைத்திருக்கிறோம். வேலை முடிந்து தவணை கழிந்த பிறகுதான் திருப்பித் தருவோம். கடற்கரையையே கொடுக்கும்போது, உள்ளூர்க்காரர் பாக்கிக்கென்று ஒரு டெபாசிட் பிடித்துவைப்பதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் ஆபீஸ்களில் அந்தப் படிவம் ஏற்கெனவே இருக்கிறது.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். உங்கள் பிள்ளைகளோ மருமகன்களோ கம்பெனிகளுக்கு வேன் ஓட்டினால், பட்டறை வேலை செய்து கொடுத்தால், சாப்பாடு கொடுத்தால், இதையாவது சொல்லுங்கள். 'உத்யம்' என்ற சிறுதொழில் பதிவை முதலில் செய்துவிட வேண்டும். பதிவு இருந்தால், 2006-ஆம் வருடச் சட்டப்படி கம்பெனி 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் வட்டி உண்டு. அதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி உயிரோடு இருக்கும்போதே கொடுக்க வேண்டும், நொடித்த பிறகு கொடுத்துப் பயன் இல்லை. பில்லில் தேதி போட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைக்க வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆதாரும் பான் கார்டும் கையில் இருந்தால் வீட்டிலிருந்தே முடியும். என் மச்சான் மகனுக்குப் போன மாதம் அரை மணி நேரத்தில் ஆயிற்று. ஐந்நூறு ரூபாய் ஆகும் என்று யாராவது கேட்டால், அது அரசாங்கத்துக்குப் போகும் பணம் இல்லை.